அமானிதமும் ஒரு கொப்பியும்

எமது பேச்சில் அடிக்கடி வந்து போகும் வார்த்தையொன்று உண்டு. "எங்கட ஊட்டாள் மாதிரி." வீட்டு வேலைக்கு வருபவரை, பிள்ளை பார்க்க வருபவரை, படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பராமரிக்க வருபவரை நாம் இப்படித்தான் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். சொல்லும்போது எமக்கே ஒரு மனநிறைவு ஏற்படுகிறது. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு அநியாயம் ஒளிந்திருக்க முடியும் என்பதை உம்மாவின் கட்டிலருகில்தான் கற்றுக்கொண்டேன்.

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. கிழக்கிலே வீடு பெண்பிள்ளைக்கு என்பது வழமை. ஆதலால் உம்மா எனது இளைய தங்கையின் வீட்டோடுதான் இருந்தார். தங்கை ஆசிரியை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இரண்டு மணி தாண்டித்தான் வருவாள். நானா கத்தாரில். நான் அதே ஊரில் இருந்தும், தாயின் உடம்பைப் பார்க்கும் காரியம் ஆண்பிள்ளைக்குரியதல்ல என்று ஒதுங்கிக்கொண்டேன். கடைசியில் முகவர் நிலையமொன்றின் மூலம் ஒரு பெண்ணை எடுத்தோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். குவைத்தில் பதினொரு வருடம் ஒரு வயோதிப மாதுவைப் பராமரித்துவிட்டு வந்தவர். தங்கை அவரை ராத்தா என்றாள். எங்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாவானார்.

முகவர் நிலையம் ஒரு தாள் தந்தது. அதில் இருந்தவை மூன்று விடயங்கள்: மாதச் சம்பளம், அவர்களுக்குரிய தரகு, ஆள் இடையில் நின்றுவிட்டால் வேறு ஆள் மாற்றித் தரப்படும் என்ற உறுதி. மின்விசிறி வாங்கினாலும் இப்படியொரு தாள்தான் தருவார்கள். உம்மாவுக்கு என்ன நோய், விழுங்க முடியுமா, எத்தனை வகை மருந்து என்று அவர்கள் கேட்கவில்லை. ராத்தாவுக்கு எது தெரியும், எது தெரியாது என்று நாங்களும் கேட்கவில்லை. நடுச்சாமத்தில் ஏதும் நடந்தால் யாரை அழைப்பது என்பது எவருடைய தாளிலும் இருக்கவில்லை.

வந்து மூன்றாம் நாள் ராத்தா என்னிடம் கேட்டார்.

"சேர், ஒரு கொப்பி வாங்கித் தாங்க. குளிசை குடுக்கிற நேரம், திருப்பிப் படுக்க வெக்கிற நேரமெல்லாம் எழுதி வெப்பம். அங்க மேடத்துட ஊட்டுல அப்பிடித்தான்."

"அதெல்லாம் என்னத்துக்கு ராத்தா? நீங்க எங்கட ஊட்டாள் மாதிரித்தானே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் பெருந்தன்மையோடு பேசியதாக எண்ணிக்கொண்டேன்.

நான்காவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. தங்கை பாடசாலைக்குப் போகுமுன் உம்மாவுக்குப் பிறஷர் குளிசைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ராத்தா அப்போது குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு வழமைபோல் அவரும் கொடுத்தார். பத்து மணியளவில் உம்மாவின் கைகால் குளிர்ந்து, கூப்பிட்டால் கண் திறக்காத நிலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதுதான். கிளினிக் கொப்பியை நீட்டினேன். அதில் கொடுக்க வேண்டிய மருந்து இருந்தது. கொடுத்த மருந்து இருக்கவில்லை. மூன்று பேரிடம் கேட்டார், மூன்று பதில் கிடைத்தது. உம்மாவைப் புரட்டிப் பார்த்தவர் இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், பத்து ரூபா நாணயமளவில் தோல் கறுத்து உரிந்திருப்பதையும் எமக்குக் காட்டினார்.

அல்லாஹ்வின் உதவியால் உம்மா பிழைத்தார். நான்காம் நாள் வீடு வந்தார். ஆனால் அதற்கிடையில் நாங்கள் ராத்தாவை அனுப்பிவிட்டிருந்தோம். கூலிக்கு வருகிறவர்களுக்கு எங்கே ஈரம் இருக்கும் என்று நானா தொலைபேசியில் கேட்டார். அடுத்து வருகிறவளுக்காவது அறையில் கமெரா பூட்டுங்கள் என்றார். குளிசைகளைத் தானும் கொடுத்ததைத் தங்கை எங்களிடம் சொல்ல எட்டு நாள் எடுத்தது. நான்கு மாதம் வீட்டாளாக இருந்தவர் ஒரே காலையில் கூலிக்காரியாகிவிட்டிருந்தார்.

அதன் பிறகுதான் அந்த வார்த்தையை நான் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். வீட்டாள் என்றால் யார்? வீட்டாளுக்குச் சொத்தில் பங்குண்டு. கோபிக்கும் உரிமையுண்டு. இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். தவறு செய்தால் ஏச்சு விழும், ஆனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படமாட்டார். ராத்தாவுக்கு இவற்றில் ஒன்றைத்தானும் நாம் கொடுக்கவில்லை. வீட்டாளிடமிருந்து ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்து அவர்மீது சுமத்தியிருந்தோம். அதாவது, நேரகாலம் இல்லாத வேலை.

படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தாதியர் சொல்லும் பொதுவான கணக்கு. உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை செத்துப்போகிறது. இடுப்பின் அடி, குதிகால், தொடையெலும்பின் பக்கம் ஆகிய இடங்களில்தான் புண் முதலில் தலைகாட்டும். பகலில் உம்மாவைப் பக்கம் மாற்றப் பலர் இருந்தோம். ஒவ்வொரு வக்துக்கும் தயம்மும் செய்து கொடுக்கையில் யாராவது ஒருவர் புரட்டிவிடுவோம். ஆனால் இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது. அந்த எட்டு மணித்தியாலத்துக்கு யார் பொறுப்பு? ராத்தா. பகலில் சமைத்துத் துவைத்து உம்மாவைக் கழுவித் துடைத்தவரும் அவர்தான். நான்கு மாதத்தில் அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்தப் புண் அவருடைய அலட்சியத்தால் வந்ததல்ல. எமது நித்திரையால் வந்தது.

வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக இருபத்துநான்கு மணித்தியால ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 189 ஆம் இலக்கச் சமவாயம் 2011 இல் வகுத்தது. அதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவைகூட எமக்கு இருந்திருக்கக் கூடாது. உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூதர் (ரழி) அறிவித்திருக்கிறார்கள். சகோதரர் என்ற சொல்லின் பின்னாலேயே நிபந்தனைகளும் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் சகோதரத்துவத்தை எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிட்டோம்.

இனி, கொப்பி விடயத்துக்கு வருகிறேன். நான் ஏன் மறுத்தேன்? எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்ற எண்ணம் என்னிடம் இருந்தது. அது என்னிடம் மட்டுமல்ல, எமது சமூகத்தில் பரவலாகவே இருக்கிறது. நம்மவருக்கிடையில் என்ன எழுத்து என்கிறோம். ஆனால் அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. எழுதுபவர், சாட்சிகள், தவணை என்று அத்தனை விபரங்கள். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பல்படக் கூடாது, அதுவே நீதிக்கு நெருக்கமானது, சந்தேகத்தைத் தவிர்ப்பது என்ற பொருள்பட அந்த வசனம் பேசுகிறது. அறிஞர்களில் பெரும்பாலானோர் இதைக் கட்டாயமென்று கொள்ளாமல் விரும்பத்தக்கதென்றே கொண்டார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த வசனம் விளிப்பது ஈமான் கொண்டவர்களை. ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்குச் சொன்னதல்ல அது.

திருமணத்தைப் பாருங்கள். அதைவிட அன்பும் நம்பிக்கையும் வேண்டிய உறவு வேறெது? அங்கே கடுத்தம் எழுதுகிறோம். மஹர் எவ்வளவு என்பதை இலக்கத்திலும் எழுத்திலும் பதிகிறோம். வலியும் சாட்சிகளும் ஒப்பமிடுகிறார்கள். மாப்பிள்ளையை நம்பவில்லையா என்று எவரும் கேட்பதில்லை. பெண் கொடுக்கும்போது எழுதத் தெரிந்த எமக்கு, பெற்ற தாயை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் எழுதக் கூச்சம் வந்துவிடுகிறது.

ஆனால் எல்லா எழுத்தும் ஒன்றல்ல. 1871 இல் ஆங்கிலேயர் இலங்கையில் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமொன்றைக் கொண்டுவந்தார்கள். வேலையாளின் பெயரும் அவர் எங்கெங்கு வேலை செய்தார் என்பதும் அவரது நடத்தையும் பதியப்பட்டன. எசமானின் நடத்தையைப் பதிவதற்கு அதில் இடமிருக்கவில்லை. அதுவும் எழுத்துத்தான், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கட்டும் எழுத்து. நானா பூட்டச் சொன்ன கமெராவும் அதே வகையைச் சேர்ந்ததே. அது மேலே இருந்து பராமரிப்பவளைப் பார்க்கும். கட்டிலில் கிடக்கும் உம்மாவின் அவ்ரத்தையும் சேர்த்துப் பார்க்கும். இரவு இரண்டு மணிக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் என்னைப் பார்க்காது. கமெரா கண்காணிக்கிறது, கொப்பி சாட்சி சொல்கிறது. கண்காணிப்பு ஒருவருக்கு எதிரானது. சாட்சியம் இரு பக்கத்துக்கும் பொதுவானது.

இதில் அறிவும் சம்பந்தப்பட்டிருக்கிறது. வைத்தியம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்திலுள்ள ஹதீஸை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 319 இல், அதாவது கி.பி. 931 இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறினால் நோயாளியொருவர் இறந்ததைக் கேள்வியுற்ற கலீபா அல்முக்ததிர், பரீட்சிக்கப்படாத எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாதென்று தடுத்து, அந்தப் பொறுப்பை சினான் இப்னு தாபித்திடம் ஒப்படைத்தார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் பரீட்சிக்கப்பட்டதாக வரலாறு சொல்கிறது. ஒரு மரணம் ஒரு நகரத்துக்கே தராதரத்தைக் கொண்டுவந்தது. இறந்தவருக்காக அழுவதோடு நின்றுவிடாமல், அடுத்தவர் இறக்காதிருக்க ஒழுங்கு செய்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? மூதூரின் றிசானா நபீக்கை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வயதைக் கூட்டிக்காட்டிய கடவுச்சீட்டோடு 2005 இல், பதினேழு வயதில், சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றார். போய்ச் சில வாரங்களில் அவரது பொறுப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. போத்தலில் பால் கொடுக்கையில் புரையேறியது என்றார் அவர். கொலையென்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாம் அழுதோம், எழுதினோம், தீர்ப்புப் பற்றி விவாதித்தோம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் தீர்ப்புக்கு முந்திய கேள்வியொன்று இருந்தது. கைக்குழந்தையை எப்படி நிமிர்த்திப் பிடிப்பது, புரையேறினால் என்ன செய்வது என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று அனுப்பியவர்களோ எடுத்தவர்களோ கேட்டார்களா? அந்த வீட்டைக் குறை கூறிய நான், பாரிசவாத நோயாளிக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பதென்று ராத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்காமலேயே உம்மாவை ஒப்படைத்தவன்.

இதற்கொரு மறுப்பு உண்டு. அதை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. எல்லாவற்றையும் எழுத்தாக்கினால் பரிவு போய்விடும் என்பதே அது. கட்டத்தில் அடையாளமிட்டால் கடமை முடிந்தது என்ற மனோபாவம் வந்துவிடலாம். இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் சேவைகளை மேற்பார்வை செய்ய 2009 முதல் ஓர் ஆணைக்குழு இயங்குகிறது. சேவை பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுள்ளதா, தேவைக்குச் செவிசாய்ப்பதா, நன்கு நிர்வகிக்கப்படுவதா என்று ஐந்து கேள்விகளை அது கேட்கிறது. அதே நாட்டில்தான் பதினைந்து நிமிடத்தில் உடுப்பு மாற்றி, உணவு கொடுத்து, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பராமரிப்பாளர்களைப் பற்றிய முறைப்பாடுகளும் எழுந்தன. கேள்விகள் சரியாக இருந்தும் நேரம் கொடுக்கப்படவில்லை. எனவே எழுத்து பரிவைத் தராது என்பது உண்மைதான். ஆனால் பரிவு குளிசையை எண்ணாது என்பதும் உண்மையே. தங்கை உம்மாமீது வைத்திருந்த பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்தப் பாசம்தான் அன்று காலை முதலாவது குளிசையைக் கொடுத்தது. ராத்தாவின் பொறுப்புணர்ச்சி இரண்டாவதைக் கொடுத்தது. இரண்டு நல்ல மனங்களுக்கிடையில் ஒரு வரி எழுத்து இல்லாததால் உம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்போதே இந்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 12.4 ஆக இருந்தனர். பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். இருக்கும் பிள்ளைகளும் பாடசாலையில், அலுவலகத்தில், கடல் கடந்து. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிட வழி செய்தது. ஆனால் கைவிடாத பிள்ளைகள் கூலிக்கு ஆள் வைத்துப் பராமரிக்கும் வீட்டினுள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதை நாமேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தங்கை உண்மையைச் சொன்ன மறுநாள் நான் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. "வாறன் சேர். ஆனா கொப்பி வேணும்" என்றார்.

எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பியொன்று வாங்கினேன். முதற் பக்கத்தில் அவருடைய கடமைகளை எழுதத் தொடங்கியபோது அல்பகராவின் அந்த வசனம் மீண்டும் ஞாபகத்துக்கு வந்தது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவர் என்கிறது அது. இங்கே கடன்பட்டவர் யார்? உம்மாவைப் பராமரிப்பது எமது கடமை. அதில் ஒரு பங்கைச் செய்ய அவர் வந்திருக்கிறார். உம்மாவுக்கும் கடன்பட்டவர்கள் நாங்கள், ராத்தாவுக்கும் கடன்பட்டவர்கள் நாங்கள். எனவே முதற் பக்கத்தைக் கிழித்துவிட்டு எமது கடமைகளை எழுதினேன். சம்பளம் மாதத்தின் முதல் நாளில். வெள்ளிக்கிழமை முழு ஓய்வு, அன்றைக்கு என் மனைவியும் தங்கையும். இரவு பன்னிரண்டு மணிக்குப் பக்கம் மாற்றுவது தங்கை, இரண்டு மணிக்கு நான். போர்வையோடு சேர்த்துத் தாயைப் பக்கம் மாற்றுவதற்கு மகனாக இருப்பது தடையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனியாகத் தூக்கச் சொல்லமாட்டோம், தூக்குவதற்கு எப்போதும் இருவர். கையுறையும் சவர்க்காரமும் எமது செலவு. ஊசி போடுவது, குழாய் மாற்றுவது போன்ற தாதியின் வேலைகளை அவரிடம் கேட்கமாட்டோம். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மூன்று தொலைபேசி இலக்கங்கள். ஏதும் தவறு நடந்தால், யார் செய்திருந்தாலும், அன்றைக்கே எழுதப்படும், எழுதியவரை எவரும் ஏசக்கூடாது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பதும் அதே வசனத்தில் உள்ளதுதான்.

இரண்டாம் பக்கத்தில் ராத்தா சொல்ல நான் எழுதினேன். மருந்து யார் கொடுத்தாலும் கொடுத்த கையோடு நேரமும் பெயரும். முதுகை நிமிர்த்தி வைத்துத்தான் உணவு, உண்ட பின் அரை மணித்தியாலம் படுக்க வைப்பதில்லை. குளிப்பாட்டும்போது கதவு சாத்தப்படும், கழுவும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும். உம்மாவின் காப்பும் மோதிரமும் எத்தனை என்று எண்ணி இருவரும் ஒப்பமிட வேண்டும் என்று அவரே கேட்டார். அது தன்னுடைய பாதுகாப்புக்கு என்றார். அதற்கு முன் எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு பக்கத்தின் கீழும் ராத்தா, தங்கை, நான் மூவரும் ஒப்பமிட்டோம்.

இதைப் பெரிய சாதனையாக நான் சொல்லவில்லை. இரண்டு பக்கம் எழுத ஒரு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் போதுமாக இருந்தது. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் மகளிர் அமைப்புகளும் நினைத்தால் இப்படியொரு மாதிரிப் பத்திரத்தை அச்சிட்டு வைத்திருக்கலாம். ஊரிலுள்ள தாதியர் ஒருவரைக் கொண்டு பராமரிக்க வருபவர்களுக்கும் வீட்டாருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கலாம். ஜனாஸாவுக்கு இவ்வளவு ஒழுங்கு செய்து வைத்திருக்கிறோம். அதற்கு முந்திய மாதங்களுக்கும் ஏதாவது செய்யலாம்.

புண் ஆற ஒன்றரை மாதம் எடுத்தது. உம்மா அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். ஒரு புதன்கிழமை சுப்ஹு நேரத்தில் மௌத்தானார். அன்றைய பக்கத்தில் ராத்தாவின் கோணல் எழுத்தில் இப்படி இருக்கிறது: "3.40. மூணு கரண்டி தண்ணி குடுத்தன். ரெண்டு முளுங்கினா. கலிமா சொல்லிக் குடுத்தன். சேரையும் தங்கச்சியையும் எளுப்பினன்."

ஜனாஸாத் தொழுகைக்கு முன், உம்மாவிடம் யாருக்காவது கடன் வரவேண்டியிருந்தால் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுமாறு வழமைபோல் அறிவித்தோம். எவரும் வரவில்லை. அடக்கிவிட்டு வந்து கொப்பியைப் பார்த்தேன். ராத்தாவுக்குப் பதினெட்டு நாள் சம்பளம் பாக்கியிருந்தது. அஸருக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவரிடம் ஒப்பம் வாங்கினேன்.